ஐம்பத்தெட்டாம் பக்கம்

ரியாத்
12.01.2025

அன்புள்ள குமுதினிக்கு,

இங்கு நான் சுகம். நீரும், ஷார்ஜா ரோலாவில் உம்முடன் ஒரே அறையில் இருக்கும் மேனுஜாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறி இறங்குகிறது. மற்றபடி சுகம்.

வாட்ஸ்அப்பில் நீர் என்னை ப்ளாக் செய்து மூன்று வருஷமாகிறது. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. மாமா மகன் என்ற உறவை ப்ளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில், நீர் வேலை செய்யும் பொழுதுபோக்குப் பார்க்கின் தபால் பெட்டி எண்ணைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன். கையால் எழுதிக் கனகாலம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புதிதாக வரப்போகும் ஒரு தீம் பார்க்குக்கு எங்கள் கம்பனிதான் ஆலோசனை. பார்க்கின் பக்கம் முடிவெடுப்பவர் யஹ்யா என்ற சவூதிக்காரர். ஐரோப்பாவின் ஐந்து பெரிய பார்க்குகளில் உள்ள ரோலர் கோஸ்டர்களை ஒப்பிட்டு, எந்தத் தொகுப்பு சிறந்தது, ஏன் சிறந்தது என்று அறிக்கை கேட்கிறார். முதல் அறிக்கை அவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது. இரண்டாவதையும் நானே எழுத வேண்டுமாம். இது சரிவந்தால் வேலை நிரந்தரம். சரிவராவிட்டால் ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகவேண்டியதுதான்.

நீர் ஒவ்வொரு லீவுக்கும் போய் ஏறிக்கொண்டுதான் இருப்பீர். புதுக் குறிப்புகளை அனுப்ப முடியுமா? நடந்தது நடந்துவிட்டது. நாங்கள் ஒரே குடும்பம்தானே.

அன்புடன்,
வினோஜன்


ஷார்ஜா
09.03.2025

வினோஜன் மச்சானுக்கு,

நான் சுகம். மேனுஜா சுகம். மாமியின் சீனி குறைய வேண்டும் என்று நானும் விரும்புகிறேன்.

பதில் எழுத இரண்டு மாதம் எடுத்ததற்கு டியூட்டி காரணமில்லை. நாலு தடவை எழுதினேன், நாலையும் கிழித்தேன். அவற்றில் இருந்த சொற்களை எங்கள் பார்க்கின் தபால் பெட்டி வழியாக அனுப்புவது மரியாதையில்லை.

நடந்தது நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக நடக்கவில்லை, நீங்கள் நடத்தினீர்கள். மறந்திருந்தால் சொல்கிறேன். நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள் ஏழு. ஆறு வருஷம் ஒவ்வொரு ஷெங்கன் விசாவுக்கும் பத்துக் கடுதாசியோடு வரிசையில் நின்று, தனியாகப் போய், ஏறி, இறங்கி, இறங்கிய இடத்திலேயே குந்தி எழுதியவை. "வாசிச்சுப்போட்டுத் தாறன்" என்று கொண்டுபோனீர்கள். மூன்று மாதத்தில் அவை உங்கள் பெயரில் ஆங்கில அறிக்கையாக வந்தன. கோஸ்டர் பைத்தியம் பிடித்த ஒவ்வொருவரும், தான் ஏறிய கோஸ்டர்கள் எத்தனை என்று ஓர் எண் வைத்திருப்போம். என் எண் அன்று 143. அட்டையின் பின்பக்கத்தில் உங்கள் படத்துக்குக் கீழே "இதுவரை 143 கோஸ்டர்களில் ஏறியவர்" என்று போட்டிருந்தது. எண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை.

அடுத்தது, அந்த அறிக்கை வெளிவருமுன், நம் கல்யாண எழுத்துக்கு நாள் குறித்த பிறகு மாமி என் அம்மாவுக்கு எடுத்த ஃபோன். "தனிய ஐரோப்பாவெல்லாம் வண்டில் ஏறித் திரியிற பிள்ளை எங்கட வீட்டுக்குச் சரிவராது." பக்கத்தில் நின்ற நீங்கள் ஒரு இருமல்கூட இருமவில்லை. கல்யாணம் போனதை ஒரு கிழமையில் அழுது முடித்தேன். நோட்டுப் புத்தகங்கள் போனதை இன்னும் முடிக்கவில்லை.

குறிப்பு கிடையாது. உங்களுக்கு நல்லது நடக்கக் கூடாது என்றுதான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை மறைத்துவைப்பதில் எனக்கு என்ன லாபம்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
குமுதினி


ரியாத்
20.03.2025

அன்புள்ள குமுதினிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. சுகமாக இருப்பதறிந்து சந்தோஷம். இங்கு நோன்பு நேரம், வேலை அரைநாள்தான். மிச்ச அரைநாளும் உம்முடைய கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். இங்கே பத்தா கடைத்தெருவில் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மாலையில் பார்சல் கட்டிக்கொண்டு வந்தேன். பிரித்தும் பார்க்கவில்லை.

நீர் திட்டியது அத்தனையும் எனக்கு வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் அறிக்கையில் உம்முடைய பெயரையும் போடச் சொல்லிக் கம்பனியில் கேட்டேன். ஒருவர் பெயர்தான் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

ஆகஸ்டில் திரும்பிப் போனால் அம்மாவுக்கு முகம் கொடுக்க முடியாது. ஊரெல்லாம் "என்ர மகன் ஐரோப்பாவுக்கே வழி சொல்லிக்குடுக்கிறவன்" என்று சொல்லி வைத்திருக்கிறா. உம்மைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

என்றும் உம் நலம் நாடும்,
வினோஜன்


ஷார்ஜா
28.04.2025

வினோஜன் மச்சானுக்கு,

நான் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மேனுஜாவிடம் வாசித்துக் காட்டினேன். "குடுத்துத் துலைச்சுப்போட்டு நிம்மதியா இரன் அக்கா" என்றாள். சின்னப் பெண்ணானாலும் சில நேரம் புத்தி சொல்கிறாள். ஆகவே தருகிறேன்.

கையெழுத்துக் குறிப்புகள் உங்களுக்குக் கஷ்டம் என்று முழுவதையும் ஆங்கிலத்தில் டைப் செய்துவிட்டேன். அறுபத்தோரு பக்கம். இந்தக் கடிதத்தோடு உள்ள பென் டிரைவில் இருக்கிறது. அட்டையில் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒரு சொல்கூட மாற்ற வேண்டாம். எல்லாம் உண்மை.

என்ன எழுதியிருக்கிறேன் என்று நீங்களும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கை என்று பார்த்தால் போலந்தின் எனர்ஜிலாண்டியாதான். ஆனால் அதில் பாதிக்குக் கிட்ட பிள்ளைகளின் கோஸ்டர். மிச்சத்தில் ஸாட்ரா ஒன்றே போதும், போலந்துக்கு டிக்கெட் எடுக்கலாம். ஜெர்மனியின் ஃபான்டாசியாலாண்டில் உயரமாகக் கட்ட முடியாது, ஆகவே நிலத்தைத் தோண்டிக் கீழே இறங்கியிருக்கிறார்கள். கோஸ்டர்கள் கொஞ்சம்தான், ஒன்றையாவது சும்மா வைத்திருக்கவில்லை. டாரோன் கல்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் புகுந்து, தன் பாதையையே திரும்பத் திரும்பக் கடந்து ஓடும்போது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸிலும் மரத்துக்கு மேலே போக முடியாது, நெமசிஸ் பள்ளத்துக்குள் சுழல்கிறது. ஸ்பெயினின் போர்ட்அவெஞ்சுராவில் ஷம்பாலாவும் டிராகன் கானும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று உயரத்திலிருந்து மிதக்கவிடும், மற்றது தலைகீழாகப் புரட்டும். ஆனால் தொகுப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஜெர்மனியின் யூரோப்பா பார்க்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஐம்பது வயது ஆளுக்கும் அங்கே அடுத்த படி என்று ஒன்று இருக்கிறது. புதிய பார்க்குக்கு வேண்டியது அதுதான்.

ஒவ்வொரு குறிப்பிலும் எந்த வரிசை, எத்தனை மணி என்று போட்டிருக்கிறேன். அதை எடுத்துவிட வேண்டாம். காலையில் சக்கரம் குளிர்ந்திருக்கும், கோஸ்டர் சோம்பலாக ஓடும். மாலையில் அதே கோஸ்டர் வேறு குணம் காட்டும்.

கொடுப்பதற்கு முன் கடைசிவரை படியுங்கள். முக்கியமாக 58ஆம் பக்கம். சொல்லவில்லை என்று பிறகு சொல்லக் கூடாது.

சுகமாக இருக்கவும்.
குமுதினி


ரியாத்
02.06.2025

அன்புள்ள குமுதினி,

நான் மிகவும் சுகம்! நீரும் அப்படியே இருக்க வேண்டும்.

உமது பார்சல் வந்த அன்றைக்கே அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அவசரப்படுத்தினார்கள். அட்டையை மட்டும்தான் மாற்றினேன். யஹ்யா தானே எனக்கு ஃபோன் எடுத்து, இப்படி ஒன்றைத் தான் வாசித்ததில்லை என்றார். "அடுத்த படி" என்ற அந்த வசனத்தைக் கூட்டத்தில் மூன்று தரம் சொன்னாராம். எங்கள் டைரக்டர் என் தோளில் கை போட்டு ஃபோட்டோ எடுத்தார். அம்மாவுக்கு அனுப்பினேன், அம்மா அதை ஃப்ரேம் போடக் கொடுத்துவிட்டாவாம்.

உமது பெரிய மனதை மறக்கமாட்டேன். அல் கஸீம் பேரீச்சம்பழம் இரண்டு கிலோ கூரியரில் அனுப்பியிருக்கிறேன். மேனுஜாவுக்கும் கொடும்.

அன்பு மச்சான்,
வினோஜன்


ஷார்ஜா
15.06.2025

வினோஜன் மச்சானுக்கு,

நாங்கள் சுகம். பேரீச்சம்பழம் வந்தது. பில்டிங் வாட்ச்மேனுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம்.

58ஆம் பக்கம் படித்தீர்களா?

குமுதினி


ரியாத்
07.07.2025

குமுதினி,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நேற்றுக் கூட்டத்தில் யஹ்யா எழும்பி நின்று 58ஆம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். அப்போதுதான் நான் முதல்முறை கேட்கிறேன். "இந்த ஒப்பீட்டை எழுதியவர், பார்க் உரிமையாளர்களோடு ஐந்து இடங்களுக்கும் நேரில் வந்து, ஒவ்வொரு கோஸ்டரிலும் முன்வரிசையில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, இங்கே எழுதிய ஒவ்வொன்றையும் ஓட்டத்திலேயே காட்டித் தருவார். அப்படி ஏறத் தயாரில்லாத ஒருவருடைய அறிக்கையை நம்பிக் கோஸ்டர் வாங்க வேண்டாம்." வாசித்து முடித்துவிட்டு, இத்தனை ஆலோசகர்களைப் பார்த்தேன், இப்படி எழுத ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் ஒப்பந்தத்தை அக்டோபர்வரை நீட்டிவிட்டார்கள். செப்டம்பர் நடுவில் பயணம். யஹ்யா, அவருடைய ஆட்கள் மூவர், நான். முதலில் யூரோப்பா பார்க். முதல் கோஸ்டர் சில்வர் ஸ்டார், எழுபத்து மூன்று மீட்டர். விசாவுக்கு இன்று காலையே என் பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டார்கள்.

நீர் வேண்டுமென்றுதான் செய்தீர். என்ன சொல்லித் தப்பலாம் என்று நீரே சொல்லும். சிக் லீவு எடுக்கட்டுமா? காது வருத்தம் என்று டாக்டர் கடுதாசி வாங்கட்டுமா?

வினோஜன்


ஷார்ஜா
21.07.2025

வினோஜன் மச்சானுக்கு,

நான் மிக மிகச் சுகம். உங்கள் கடிதத்தை எங்கள் பார்க்கின் கன்டீனில் வைத்துப் படித்தேன். கூட டியூட்டி பார்க்கிற பாஹிமா, "என்ன அக்கா, லொத்தர் சீட்டு விழுந்திட்டுதா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

வேண்டுமென்றுதான் செய்தேன். பொய் எழுதினேனா? இல்லை. ஒளித்தேனா? படியுங்கள் என்று சொன்னேன், பிறகும் ஒரு தரம் கேட்டேன். என் எழுத்தைத் திருடுகிறவர் அதைப் படிக்கவும் பஞ்சிப்பட்டு, சோம்பலில் விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் எழுதினேன்.

நீங்கள் எதிலும் ஏறியதில்லை என்று எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். முதல் அறிக்கையில் நீங்களாக எழுதிய வசனம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஃபான்டாசியாலாண்டின் ஃப்ளை பற்றியது. "கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து இருந்தபடி முன்னால் விரியும் ஊரை ரசித்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வண்டி ஆளைக் குப்புறக் கவிழ்த்து, பறவை மாதிரிப் பறக்கவிடுவது. நிமிர்ந்து இருந்து அதில் போனவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். அதை வாசித்த அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. என் 143ஐ எடுத்தவருடைய சொந்த எண் பூச்சியம்.

பதினேழு வயதில் யாழ்ப்பாணம் முற்றவெளி கார்னிவலில் இராட்டினத்தில் இருந்து இறங்கி வாந்தி எடுத்தது நீங்கள். வீட்டில் போய் நான் எடுத்ததாகச் சொன்னீர்கள். பாவம் என்று பேசாமல் இருந்தேன். அதுதான் நான் விட்ட பிழை. பயமெல்லாம் தெளிந்துவிட்டது, துபாயில் ஏறினேன், தம்மாமில் ஏறினேன் என்று பிறகு நீங்கள் சொன்னதையும் நம்பினேன். அது இரண்டாவது பிழை. மூன்றாவது பிழை என்னுடையது இல்லை, 58ஆம் பக்கத்தைப் படிக்காத உங்களுடையது.

காது வருத்தம், சிக் லீவு ஒன்றும் வேண்டாம். ஒன்று ஏறுங்கள், இல்லாவிட்டால் யார் எழுதியது என்று சொல்லுங்கள். எதைச் செய்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

குமுதினி


ரூஸ்ட், ஜெர்மனி
18.09.2025

குமுதினி,

நீர் சுகமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று கீழே வாசியும்.

சில்வர் ஸ்டாரில் முன்வரிசைக்குத் தனிக் கியூ. நாற்பது நிமிடம் நின்றோம். யஹ்யா உம்முடைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. ஏறி இருந்தேன். மடியில் பாதுகாப்பு பார் இறங்கிப் பூட்டியது. அவ்வளவுதான் எனக்கு நினைவு. கையைத் தூக்கிக் கத்தினேனாம். "ஸ்டாப்" என்று கத்தியிருந்தாலாவது பரவாயில்லை, "ஐயோ அம்மா" என்று கத்தினேனாம். வேலை செய்கிற பெண் ஓடிவந்து பாரைத் திறந்து, என்னைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். யஹ்யா திரும்பிப் பார்த்தார், வண்டி போய்விட்டது.

காது வருத்தம் என்று சொன்னேன். அன்று முழுக்க அவர்கள் ஏறினார்கள், நான் பெஞ்சில் இருந்தேன். நாலு பேருடைய பைகளும், ஒருவருடைய தொப்பியும், யஹ்யாவின் கண்ணாடியும் என் மடியில். பின்னேரம் ஆறு மணிக்கு அவர் கடைசி வரிசையில் ஏறிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். "மாலையில் கடைசி வரிசையில் இருந்தால் உச்சியில் இருந்து பிடித்து இழுக்கும் என்று எழுதியிருக்கிறது. அப்படியே இழுத்தது. இதை எழுதியவர் இதில் இருந்திருக்கிறார். அது நீ இல்லை. யார்?" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. உம்முடைய பெயரைச் சொன்னேன். நம்பரையும் கொடுத்தேன். "கலாஸ்" என்று, முடிந்தது என்ற மாதிரி அரபியில் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். நாளைக்கு என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

முதல் அறிக்கையில் உம் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன் என்று எழுதியது பொய். ஒருவரிடமும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அந்த ஃபோனில் சொன்னது அம்மாவின் கதை இல்லை. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். கல்யாணம் முடிந்து பதினாலு நாள், ஐந்து பார்க் என்று நீர் திட்டம் போட்டு, முதல் நாள் முன்வரிசை என்று வட்டம் போட்டு அனுப்பியிருந்தீர். அந்தக் கடுதாசியைப் பார்க்கப் பார்க்க எனக்கு நித்திரை இல்லை. முதல் நாளே உமக்குத் தெரிந்துவிடும். நீர் சிரிப்பீர் என்று பயந்தேன். உம்மை வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை.

வினோஜன்


ஷார்ஜா
24.11.2025

வினோஜனுக்கு,

நான் சுகம். நீர் பத்திரமாக ரியாத் திரும்பியதாக அறிந்தேன்.

யஹ்யா ஃபோன் எடுத்தார். போன மாதம் மிச்ச நாலு பார்க்குக்கும் அவர்களோடு போய்வந்தேன். எல்லாவற்றிலும் முன்வரிசை. யஹ்யா ஸாட்ராவில் இருந்து இறங்கியதும் இன்னொரு தரம் போவோமா என்று கேட்டார். தை மாதம் ரியாத்துக்கு வருகிறேன், கோஸ்டர் தேர்வுக்குப் பொறுப்பாக. உம்மை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். வைத்திருங்கள், அளவு எடுக்க ஆள் வேண்டும் என்றேன். இரக்கத்தால் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு காலையும் என்னைக் கண்டதும் நீர் கதிரையில் இருந்து எழும்ப வேண்டும், அதற்காகத்தான்.

உம்முடைய கடிதத்துக்குப் பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்றால், அதன் கடைசிப் பகுதியை வாசித்த பிறகு எனக்குக் கோபம் குறையும் என்று காத்திருந்தேன். குறையவில்லை, கூடிவிட்டது. பயம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் ஏறியிருப்பேன், நீர் கீழே பெஞ்சில் என் பையை வைத்துக்கொண்டு இருந்திருப்பீர். இறங்கி வந்து எப்படி இருந்தது என்று உமக்குச் சொல்லியிருப்பேன். எனக்கு ஒரு புருஷனிடம் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. அந்தச் சின்ன வேலையைச் செய்யப் பயந்து என் பெயரையும் என் ஆறு வருஷத்தையும் எடுத்துக்கொண்டு போனீர். பிறகு யாரோ நாலு பேருக்கு அதைச் செய்துகொண்டு நாள் முழுக்க இருந்தீர். இதை வாசித்து நான் அழுதேன். அழவைத்ததற்கும் உம்மை மன்னிக்கமாட்டேன்.

இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து என் பெயரில் புத்தகமாக அச்சடித்துவிட்டார்கள். இருநூறு பிரதி. நன்றி சொல்லும் பக்கத்தில் யாருடைய பெயரைப் போட வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே ஒரு வரி கொடுத்தேன். "பயணத்தின்போது பைகளைப் பார்த்துக்கொண்டவர்: திரு. வினோஜன்." யஹ்யா சிரித்துவிட்டு, இது கட்டாயம் வேண்டுமா என்றார். வேண்டும் என்றேன்.

உமது பிரதி இத்துடன் இருக்கிறது. மாமிக்கும் ஒன்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டேன். அவவுக்கு இங்கிலீஷ் தெரியாதுதானே, அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் பெரிதாக எழுதி உள்ளே ஒட்டியிருக்கிறேன்.

குமுதினி